தாயையும் கேளுங்கள்

குண்டலுபேட்டை கர்நாடகத்தில் உள்ள ஒரு தாலுகா ஊர். முன்பு மைசூர் மாவட்டத்தில் இருந்தது. 1997-ல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதில் சேர்ந்தது. வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் மைசூரு. தெற்கே பந்திப்பூர் காடு. காட்டைத் தாண்டினால் ஒரு பக்கம் ஊட்டி, இன்னொரு பக்கம் கேரளத்தின் வயநாடு. அதனால் இந்த ஊர்க் கடைத்தெருவில் கன்னடமும் கேட்கும், தமிழும் கேட்கும், மலையாளமும் கேட்கும்.

பிள்ளை பெற்றவளைக் கன்னடத்தில் 'பாணந்தி' என்பார்கள். பாணந்திக்கு எத்தனையோ பக்குவம் உண்டு. காதில் பஞ்சு வைப்பார்கள். தலையைத் துணியால் கட்டுவார்கள். வெந்நீர் ஊற்றுவார்கள். பத்தியச் சோறு போடுவார்கள். பச்சை உடம்பு என்று பார்த்துப் பார்த்துச் செய்வார்கள்.

உடம்பைப் பார்க்க ஆள் இருக்கிறது. மனதைப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ஒரு தாயின் நிலை

குண்டலுபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது ஒரே ஒரு பெண்ணின் கதை இல்லை. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்துச் சொல்வது. அதனால் இந்தத் தாய்க்குப் பெயர் வைக்க வேண்டாம்.

கணவன் காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறான். வீட்டில் மாமியார் இருக்கிறார். முதல் குழந்தை பெண் குழந்தை. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தது. ஒரு மாதம் ஆனது. பால் குடிக்கும்போது குழந்தைக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. கொஞ்சம் குடித்தவுடன் மூச்சு வாங்கியது. களைத்துத் தூங்கியது. எடை ஏறவில்லை.

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். மைசூருக்கு அனுப்பினார். அங்கே எக்கோ என்ற படம் எடுத்தார்கள். இதயத்தில் ஓட்டை என்றார்கள்.

"சில ஓட்டை தானே சிறிதாகி மூடிவிடும். சிலதற்கு ஆபரேஷன் வேண்டும். இப்போது சொட்டு மருந்து கொடுங்கள். எடை ஏறட்டும். பிறகு பார்ப்போம்" என்றார் டாக்டர்.

அன்று முதல் அந்தத் தாயின் வாழ்க்கை எடைத் தராசில் தொங்கியது. இரண்டு மணிக்கு ஒரு முறை பால். வேளை தவறாமல் சொட்டு மருந்து. ராத்திரியில் குழந்தையின் மூச்சை எண்ணுவாள். 15 நாளுக்கு ஒரு முறை எடை போடும் நாள் வரும். அதற்கு முந்தின நாளே அவளுக்குச் சோறு இறங்காது.

மாமியார் சொன்னார்: "கிரகணத்தன்னிக்கு வெளியே வராதேன்னு சொன்னேன். கேட்டியா?"

அவள் பதில் பேசவில்லை. தன்னால்தான் குழந்தைக்கு இப்படி ஆனது என்று அவளே நம்பத் தொடங்கினாள். பிறகு குளிப்பது குறைந்தது. பேச்சு குறைந்தது. குழந்தை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தையைத் தூக்கினால் ஆசை வரவில்லை, பயம்தான் வந்தது. "நான் ஒரு தாயா?" என்று தன்னையே வெறுத்தாள். ஒரு நாள் ஒரு எண்ணம் வந்தது. 'நான் இல்லாவிட்டால் இவர்களுக்குப் பாரம் குறையும்.'

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், "குழந்தை எப்படி இருக்கு?" என்று. யாரும் அவளைப் பார்த்து, "நீ எப்படி இருக்கே?" என்று கேட்கவில்லை.

முதலில் ஒரு பழியை நீக்குவோம்

கருவில் இதயம் எப்போது உருவாகிறது தெரியுமா? கருத்தரித்த முதல் இரண்டு மாதத்திற்குள். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரிவதற்கு முன்பே அந்த வேலை தொடங்கிவிடுகிறது. அப்போது ஏற்படும் குறைதான் இதய ஓட்டை. பெரும்பாலும் இன்ன காரணம் என்று சொல்ல முடியாது. கிரகணத்தால் இதயத்தில் ஓட்டை விழாது. தாய் எதையோ பார்த்ததால் விழாது. தாயின் பாலில் குற்றம் இல்லை.

ஆகவே தாயின் மேல் பழி போடுவது தவறு. அது ஏற்கெனவே உடைந்த மனதை மேலும் உடைக்கும்.

இது என்ன நோய்?

பிரசவத்துக்குப் பின் மனதில் வரும் மாற்றங்களை மூன்று வகையாகச் சொல்லலாம்.

முதல் வகை, பிரசவமான முதல் வாரத்தில் வரும் அழுகை. காரணம் இல்லாமல் கண்ணீர் வரும். எரிச்சல் வரும். பெரும்பாலான தாய்மார்களுக்கு இது வருகிறது. இரண்டு வாரத்திற்குள் தானே போய்விடும். ஆறுதலும் ஓய்வும் போதும்.

இரண்டாம் வகை, மனச்சோர்வு நோய். இது இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும். தானே போகும் என்று காத்திருக்கக் கூடாது. பிரசவமான சில வாரங்களில் வரலாம். சில மாதங்கள் கழித்தும் வரலாம். நாம் பார்த்த தாய்க்கு வந்தது இதுதான்.

மூன்றாம் வகை, புத்தி தடுமாறும் கடுமையான நோய். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும். யாரோ பேசுவதுபோல் காதில் கேட்கும். நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். நாள் கணக்கில் தூங்க மாட்டார்கள். கன்னடத்தில் இதைப் 'பாணந்தி சன்னி' என்பார்கள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கப் போவார்கள். இது பேய் இல்லை. அவசர நோய். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எத்தனை பேருக்கு வருகிறது?

தமிழ்நாட்டின் ஒரு கிராமப் பகுதியில் டாக்டர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அது 2002-ல் வெளிவந்தது. பிரசவத்துக்குப் பின் 100 பெண்களில் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்றும் பார்த்தார்கள். வருமானம் குறைந்த வீட்டுப் பெண்கள். ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிள்ளை பெற்றவர்கள். மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதவர்கள். வேலைக்குக் கைகொடுக்க ஆள் இல்லாதவர்கள்.

பாருங்கள், இந்தக் காரணங்களில் பல வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வீட்டார் மனம் வைத்தால் சிலவற்றை மாற்ற முடியும்.

உடம்பிலும் காரணம் உண்டு. கர்ப்ப காலத்தில் பெண்ணின் உடம்பில் சில சுரப்புகள் மிக அதிகமாக இருக்கும். பிரசவமானதும் அவை சில நாட்களில் மளமளவென்று குறைந்துவிடும். சிலருடைய மனதை அது பாதிக்கும். இரத்தசோகை இருந்தால் சோர்வு கூடும். தைராய்டு கோளாறு இருந்தாலும் இதே மாதிரி அறிகுறிகள் வரும். அதனால்தான் டாக்டர் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்.

இதற்கு மேல் குழந்தைக்கும் கடுமையான நோய் என்றால்? தூக்கம் இல்லை. கையில் காசு இல்லை. கணவன் ஆஸ்பத்திரிக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். நாளை என்ன ஆகும் என்று தெரியாது. இத்தனையும் சேர்ந்தால் எவ்வளவு திடமான மனமும் ஆடிப்போகும்.

கவலையா, நோயா?

"குழந்தைக்கு உடம்பு சரியில்லை. தாய் அழமாட்டாளா? இதற்கெல்லாம் வைத்தியமா?" என்று சிலர் கேட்பார்கள்.

நியாயமான கேள்விதான். நோயுள்ள குழந்தையின் தாய் கவலைப்படுவது இயல்பு. அது நோய் இல்லை. ஆனால் கவலைக்குப் பின்னால் நோய் ஒளிந்துகொள்ளும். அதனால்தான் இந்தத் தாய்மார்களின் மனச்சோர்வு மற்றவர் கண்ணில் எளிதில் படுவதில்லை. தாய்க்கே தெரிவதில்லை.

இரண்டையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

கவலைப்படும் தாய், குழந்தை தூங்கினால் தானும் கொஞ்சம் கண்ணயர்வாள். நோய் வந்த தாய்க்குத் தூங்க நேரம் கிடைத்தாலும் தூக்கம் வராது.

குழந்தைக்கு எடை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னால், கவலைப்படும் தாயின் முகம் மலரும். நோய் வந்த தாய்க்கு நல்ல செய்தியும் மனதில் ஏறாது.

கவலைப்படும் தாய், "என் குழந்தைக்கு என்ன ஆகுமோ" என்பாள். நோய் வந்த தாய், "நான் எதற்கும் உதவாதவள்" என்பாள்.

இப்படி இரண்டு வாரத்திற்கு மேல் இருந்தால் டாக்டரிடம் போக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் உடனே போக வேண்டும். அதற்கு இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

ஆஷா அக்கா கேட்ட கேள்வி

அந்தத் தாயின் வீட்டுக்கு ஆஷா பணியாளர் வந்தார். பிரசவமான வீட்டுக்கு ஆஷா வர வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆனால் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்கு வந்து பார்ப்பார். அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு ஒரு முறை வருவார்.

இவர் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். குழந்தையை எடை போட்டார். மருந்துச் சீட்டைப் பார்த்தார். எழுந்து போகாமல் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"குழந்தையைப் பார்த்துட்டேன். இப்போ நீ சொல்லு. நீ எப்படி இருக்கே?"

அவளால் பேச முடியவில்லை. வெகு நேரம் அழுதாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். செத்துப்போக நினைத்ததையும் சொன்னாள்.

ஆஷா அக்கா திட்டவில்லை. "அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை மூடவும் இல்லை. "சொன்னது நல்லதாச்சு. இது உன் குத்தம் இல்லை. இது ஒரு நோய். இதுக்கு வைத்தியம் இருக்கு. நான் கூட வர்றேன்" என்றார்.

சாக நினைக்கிறாயா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. அன்போடு கேட்டால் மனப்பாரம் குறையும். உதவிக்கு வழி பிறக்கும்.

இப்படிக் கேட்பதற்கு ஒரு கேள்வித்தாளும் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டில் எடின்பரோ என்ற நகரம் இருக்கிறது. அந்தப் பகுதியில் பணியாற்றியவர்கள் 1987-ல் பத்துக் கேள்விகளைத் தயாரித்தார்கள். கடந்த 7 நாட்களில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா, தூக்கம் கெட்டதா என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. இதைத் தமிழிலும் கன்னடத்திலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நர்ஸ் படித்துக் கேட்டால் பதில் சொல்லலாம்.

வைத்தியம் என்ன?

முதல் வைத்தியம் பேச்சு. இதற்குப் பெரிய டாக்டர்தான் வேண்டும் என்பதில்லை. பாகிஸ்தானில் ராவல்பிண்டி பக்கத்துக் கிராமங்களில் ஒரு முயற்சி நடந்தது. நம் ஆஷாவைப் போன்ற கிராமச் சுகாதாரப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் மனச்சோர்வு உள்ள தாய்மார்களின் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள். தன்னைப் பற்றிய கெட்ட எண்ணத்தை எப்படி மாற்றுவது, குழந்தையோடு எப்படி விளையாடுவது, வீட்டாரிடம் எப்படி உதவி கேட்பது என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

2008-ல் அதன் முடிவு வெளிவந்தது. குழந்தைக்கு 6 மாதம் ஆனபோது, இந்தப் பேச்சு உதவி பெற்றவர்களில் 100-க்கு 23 பேருக்குத்தான் நோய் இருந்தது. இந்த உதவி பெறாதவர்களில் 100-க்கு 53 பேருக்கு நோய் இருந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் குறைந்திருந்தது. தாய் தேறினால் குழந்தையும் தேறும் என்பதற்கு இது சாட்சி. இந்த முறையைப் பல நாடுகளுக்கு ஏற்றதாக உலக சுகாதார நிறுவனம் 2015-ல் ஒரு கையேடாக வெளியிட்டது.

இரண்டாம் வைத்தியம் மாத்திரை. நோய் கடுமையாக இருந்தால் தேவைப்படும். "பால் கொடுக்கிறவள் மாத்திரை சாப்பிடலாமா?" என்று பயம் வரும். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் மிகக் குறைந்த அளவே தாய்ப்பாலில் சேரும். ஆனால் டாக்டரிடம் இரண்டு விஷயத்தை மறக்காமல் சொல்ல வேண்டும். ஒன்று, பால் கொடுப்பது. இரண்டு, குழந்தைக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது. குழந்தையின் சீட்டையும் கையில் எடுத்துப் போக வேண்டும்.

மாத்திரை போட்ட அன்றைக்கே குணம் தெரியாது. சில வாரம் ஆகும். கொஞ்சம் தேறியதும் தானாக நிறுத்தக் கூடாது. டாக்டர் சொல்லும்போதுதான் நிறுத்த வேண்டும்.

எங்கே போவது?

முதலில் ஆஷா பணியாளரிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லலாம். குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமும் சொல்லலாம். "டாக்டர், எனக்கும் முடியலை" என்ற மூன்று சொல் போதும்.

அடுத்து, தாலுகா ஆஸ்பத்திரி. கர்நாடக அரசு 2014-ல் 'மனோசைதன்யா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டத்தில் உள்ள மனநல டாக்டர் செவ்வாய்க்கிழமைகளில் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து பார்ப்பது அதன் நோக்கம். எந்த வாரம், எந்த நேரம் என்று முன்பே கேட்டுக்கொண்டு போவது நல்லது. தாலுகாவில் முடியாவிட்டால் மாவட்ட ஆஸ்பத்திரிக்கும் மைசூருக்கும் அனுப்புவார்கள்.

நோய் கடுமையாக இருந்தால் பெங்களூரில் நிமான்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனை இருக்கிறது. அங்கே 2009-ல் தாயையும் சேயையும் ஒன்றாக வைத்து வைத்தியம் பார்க்கும் பிரிவு தொடங்கப்பட்டது. இந்தியாவில் இப்படித் தொடங்கிய முதல் பிரிவு அதுதான்.

"ஆஸ்பத்திரியில் சேர்த்தால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களே" என்று பயப்படும் தாய்மார்கள் உண்டு. 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். குழந்தைக்கு ஆபத்து என்று டாக்டர் கருதினால் மட்டும் கொஞ்ச காலம் பிரித்து வைக்கலாம். அப்போதும் தாய் குழந்தையைப் பார்க்க வழி செய்ய வேண்டும்.

வெளியே போக முடியாதவர்களுக்குப் போன் உண்டு. எண் 14416. இதன் பெயர் டெலி மானஸ். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

குழந்தையின் செலவுக்கும் வழி உண்டு. ஒரு வயதுக்கு உட்பட்ட நோயுள்ள குழந்தைக்கு அரசு ஆஸ்பத்திரியில் மருந்து, பரிசோதனை, வண்டி ஆகியவை இலவசம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பெயர் ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம். 2011-ல் தொடங்கியது. பிறவி இதயக் கோளாறைக் கண்டுபிடித்து மேல் சிகிச்சைக்கு அனுப்ப 2013-ல் வந்த குழந்தைகள் நலத் திட்டமும் உண்டு. இவற்றை ஆஷாவிடம் கேட்டுப் பெறலாம். செலவுக் கவலை குறைந்தால் தாயின் மனப்பாரமும் குறையும்.

வீட்டார் என்ன செய்யலாம்?

அந்தத் தாய் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆஷா அக்கா கூடப் போனார். முதலில் கணவன் வரவில்லை. "பைத்தியம்னு ஊர் பேசும்" என்றான். டாக்டர் அவனையும் அழைத்து வரச் சொன்னார். அடுத்த முறை வந்தான்.

டாக்டர் அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ராத்திரி எத்தனை முறை அவர் எழுந்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தீர்களா?"

அவன் எண்ணியதில்லை. அன்றிரவு எண்ணினான். ஐந்து முறை.

அதன் பிறகு வீட்டில் வேலையைப் பங்கு போட்டார்கள். இரவு பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டுத் தாய் தூங்குவாள். அடுத்த வேளைக்குப் பால் முன்பே பீய்ச்சிச் சுத்தமான கிண்ணத்தில் மூடி வைத்திருக்கும். அதைப் பாலாடையால் எப்படிக் கொடுப்பது என்று நர்ஸ் மாமியாருக்குச் சொல்லிக்கொடுத்தார். சொட்டு மருந்து கணவன் பொறுப்பு. சுவரில் ஒரு தாள் ஒட்டி, மருந்து கொடுத்த வேளையைக் குறித்தான். தாய்க்குத் தொடர்ந்து நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்தது.

மாமியார் கிரகணப் பேச்சை விட்டுவிட்டார். ஒரு நாள், "எனக்கும் மூணாவது பிரசவத்துல இப்படித்தான் இருந்தது. யாரும்மா கேட்டாங்க அப்போ" என்றார். சொல்லும்போது அவர் கண்ணிலும் நீர் வந்தது.

குழந்தையின் இதய ஓட்டை இன்னும் மூடவில்லை. ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கவலை தீரவில்லை. ஆனால் அந்தக் கவலையைத் தாங்க அவளுக்குத் தெம்பு வந்திருக்கிறது. எடை போடும் நாளில் அவள் இப்போது சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

நோயுள்ள குழந்தைக்கு முதல் நர்ஸ் அதன் தாய்தான். அந்தத் தாய் விழுந்துவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது? அதனால் மட்டும் அல்ல. அவளும் ஓர் உயிர். அவளுடைய நோய்க்கும் வைத்தியம் வேண்டும்.

உங்கள் தெருவில் பிள்ளை பெற்றவள் இருக்கிறாளா? போய்ப் பாருங்கள். குழந்தையைக் கொஞ்சுங்கள். பிறகு தாயையும் கேளுங்கள்.

கூடிப் பேசுங்கள்

1. நம் ஊரில் பிள்ளை பெற்றவளுக்கு என்னென்ன பக்குவம் செய்கிறோம்? அதில் எது நல்லது? எது அவள் மனதைப் புண்படுத்துகிறது?

2. கவலைக்கும் மனச்சோர்வு நோய்க்கும் என்ன வேறுபாடு?

3. நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு மனநல டாக்டர் எந்த நாளில் வருகிறார்? விசாரித்து எழுதி, எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள்.

4. 14416 என்ற எண்ணை உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு பேருக்குச் சொல்லுங்கள்.